சுழியும் கிணறும்

4 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அவரும் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா, அண்ணியின் இருமல் விட்டதா என்று முதலில் எழுது. போன கடிதத்தில் இரண்டையும் விட்டுவிட்டு, கடைக்கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய்.

ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கவே இந்தக் கடிதம். வழக்கைப் பற்றி நான் வெளியில் பேசக் கூடாது. சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

நீதிமன்றத்தில் என் வேலை உனக்குத் தெரியும். நம் மொழிக்காரர் யாராவது மாட்டினால் அவர் சொல்வதை இந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டும். போன அக்டோபரில் இங்கே ஆற்றில் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்தது. ஒரு பெரியவர் இறந்துபோனார். படகை ஓட்டியவர் நம் ஆற்றுக்காரர், நம் படகுத்துறைக்கு இரண்டு துறை மேலே. ஐம்பது வயது, கனத்த கை, மெல்லிய குரல். விபத்து நடந்த மறுநாள் அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தது நான். அவர் சொன்னது இது: "தண்ணி சுழியா இருந்துச்சுங்க. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அங்கே நீர்ச்சுழல் இருப்பது தெரிந்தே படகை எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

போன வாரம் அரசு வக்கீல் அதை வாசித்தார். நான் அதை மறுபடி நம் மொழியில் படகோட்டிக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவேன். "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? கிணறு இருந்தா எவனாவது எடுப்பானா?" என்றார். ஆற்றில் ஏது கிணறு? மனிதர் குழம்பிப்போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா என்னைச் சுழி என்றுதானே கூப்பிடுவார். தலையில் இரட்டைச் சுழி, ஒரு இடத்தில் உட்காரமாட்டாள் என்று. அவர் படகோடு போனபோது எனக்கு ஒன்பது வயது. அதன்பிறகு சித்தி வீட்டில் வளர்ந்தவளுக்கு ஆற்றுப் பேச்சு என்ன தெரியும்? நீ சொல். சுழி என்றால் நம் துறையில் என்ன?

உன் தங்கை

19 பிப்ரவரி

அன்புள்ள சுழிக்கு,

அம்மாவின் முழங்கால் தேவலை. அண்ணியின் இருமல் போய், இப்போது எனக்கு வந்திருக்கிறது. இந்த வீட்டில் எதுவும் வீணாவதில்லை. கடைக்கூரை இன்னும் ஒழுகுகிறது. சரியாக நான் மோட்டாருக்குக் காயில் சுற்றும் மேசைமேல். செம்புக் கம்பி ஈரமானால் என்ன ஆகும் என்று கடைச் சொந்தக்காரருக்கு விளக்கினேன். "மேசையை நகர்த்திப் போடுங்க" என்றார். அறிவாளி.

சுழியைக் கேட்டாய். உன் தலையில் இருப்பது சுழி. 'ண' போடும்போது மூன்று சுழி, 'ன' போடும்போது இரண்டு. நீ நான்கு போட்டு வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? "ஒண்ணு கூடப் போட்டா குறையவா போகுது" என்று அவரிடமே கேட்டாய். கணக்கில் ஒன்றுமில்லாததும் சுழி. பிடிக்காததைக் கொடுத்தால் முகம் சுழிக்கும். காதுக்குள்ளேயும் சுழி இருக்கிறதாம். யாருக்காவது கெட்ட காலம் வந்தால் அதுவும் அவன் தலைச்சுழி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் எத்தனை வேலை வாங்குகிறார்கள் பார்.

ஒருமுறை நீ அப்பாவின் சட்டைப்பையில் உயிரோடு ஒரு நண்டைப் போட்டுவிட்டாய். அவர் துள்ளிய துள்ளலில் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "இது பிள்ளையில்ல, சுழி" என்று உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு துறை முழுக்கக் காட்டினார். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

ஆற்று விஷயத்தை வேறு யாரிடமாவது கேள். நான் காயில் கட்டுகிறவன். நல்ல அகராதி ஒன்றை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

3 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமலுக்குக் கஷாயம் வேண்டாம், டாக்டரைப் பார். அம்மாவுக்கு நான் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்ததா?

நண்டுக் கதையைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான், நான் கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது.

அகராதியையும் பார்த்தேன். முதல் பொருளே நீர்ச்சுழல். இரண்டாவது, மனக்கலக்கம். சேட்டை எங்கேயோ கடைசியில் கிடக்கிறது. அரசு வக்கீலும் அதே பக்கத்தைப் படி எடுத்து வைத்திருக்கிறார். தெரிந்தே சுழலுக்குள் ஓட்டினார் என்றானால் அது விபத்து இல்லை, குற்றம். ஏழெட்டு வருடம் உள்ளே போய்விடுவார். உண்மையில் அன்று காலை ஒரு தூர்வாரும் இயந்திரம் ஆற்றடியில் பெரிய பள்ளம் தோண்டிவிட்டுப் போயிருக்கிறது. அதனால் முளைத்த சுழல். அவருக்கு யாரும் சொல்லவில்லை என்கிறார்.

நேற்று அவருடைய வக்கீலோடு சிறையின் பார்வையாளர் அறைக்குப் போயிருந்தேன். கால் ஆடும் ஒரு மேசை, நடுவில் கண்ணாடி. அவர் மனைவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எழும்போது என்னைப் பார்த்து, "நீங்கதான் எழுதினதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீ அப்பாவோடு படகில் இருந்தவன். உனக்குத் தெரியாது என்று எழுதாதே. அடுத்த விசாரணை ஏப்ரல் இருபத்தைந்து.

உன் தங்கை

22 மார்ச்

அன்புள்ள தங்கைக்கு,

காலுறை வந்தது. அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், அழுக்காகிவிடுமாம். எல்லோரும் நலம்.

வேலை நெருக்கடி. அரிசி ஆலை மோட்டார் மூன்று ஒரே நாளில் புகைந்துவிட்டன. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தண்ணி சுழியா இருக்கு என்றால் ஒன்றுமில்லை. தண்ணீர் சேட்டை பண்ணுகிறது, படகு கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படித்தான் இருக்கும். யாரும் அதற்காகப் படகைக் கரையில் கட்டிப்போட மாட்டார்கள்.

ஆளை இழுக்கும் சுழலுக்கு நம் பக்கத்துத் துறைகளில் கிணறு என்று பெயர். படகில் முன்னால் நின்று தண்ணீரைப் பார்ப்பவன் 'கிணறு' என்று குரல் கொடுத்தால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஓட்டுகிறவர் அந்த நொடியில் திருப்பிவிடுவார். அதைச் சுழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உன் ஆள் சொன்னது சரி. இதை நான் சொன்னதாக எங்கேயும் எழுத வேண்டாம்.

அண்ணன்

30 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அதை அலுவலகப் படிக்கட்டிலேயே இரண்டு முறை படித்தேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆளை விழுங்கும் குழியின் பெயரைப் பெற்ற மகளுக்கு எந்தப் படகுக்காரன் வைப்பான்? என் பெயரே என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுசனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

மறுநாளே நீதிபதியின் அறைக்குப் போய், நான் மொழிபெயர்த்தது பிழை என்று சொன்னேன். என் மேலதிகாரி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி கோபப்படவில்லை. "நீங்கள் போன அக்டோபரில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள். இரண்டில் எதை நம்ப வேண்டும் என்று எனக்கு யார் சொல்வது?" என்று கேட்டார். அந்தத் துறைகளில் படகில் வேலை பார்த்த ஒருவர், சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதையும், நேரில் கண்ட ஒரு சம்பவத்தோடு எழுத வேண்டுமாம்.

விசாரித்துப் பார்த்தேன். பாலம் வந்தபிறகு துறைகளில் யாரும் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு கிழவர்களுக்கு நினைவு சரியில்லை. நீதான் எழுத வேண்டும், அண்ணா. தவறாக நினைக்காதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா போன அன்று படகு பெரிய சுழலில்தான் மாட்டியது. குடித்துவிட்டு ஓட்டினார், அதனால்தான் கண் தெரியவில்லை என்று ஊர் சொன்னது. அம்மாவும் அதையே நம்பினார். குடியை விட்டுவிட்டதாக அவரிடம் கையடித்துச் சொன்னவர், மூன்று மாதத்தில் சொல்லை மீறினார் என்பதுதான் அம்மாவுக்கு இன்று வரை ஆறாத கோபம். ஆனால் குடித்திருந்தாலும் காது கேட்குமே. அன்று யாரும் கிணறு என்று குரல் கொடுக்கவில்லையா? முன்னால் யார் நின்றது?

உன் தங்கை

14 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமா? பதில் இல்லாததால் கவலை. உன் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு இரண்டு முறை போன் பண்ணினேன். முதல்முறை நீ கடையில் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை மருந்துக்கடைக்காரர், "இங்கதாம்மா நிக்கிறார், வரமாட்டேங்கிறார்" என்றார். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

தங்கை

16 ஏப்ரல்

தங்கைக்கு,

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். இங்கே நோட்டரி வக்கீலின் முன்னால் கையெழுத்துப் போட்டது. அதில் சட்டத்துக்குத் தேவையானது இருக்கிறது. உனக்கு வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முன்னால் நின்றது நான்.

எனக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம். அதற்குப் பத்து நாள் முன்னால் வகுப்பில் பேச்சோடு பேச்சாகக் கிணறு என்ற சொல்லை விட்டுவிட்டேன். என்னோடு படித்த ஒருத்தி, "உங்க ஊர்ல ஆத்துக்குள்ளயும் கிணறு வெட்டுவாங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளுக்கு என்னைப் புண்படுத்தும் எண்ணமில்லை. நானும் சிரித்தேன். ஆனால் விடுதிக்குப் போய், இனி அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு பண்ணினேன்.

விடுமுறைக்கு வந்தேன். அன்று காலை பதினொரு பேரோடு படகு எடுத்தோம். கடைசியாக ஏறியது, அக்கரைக்குப் போக வந்திருந்த அதே பெண்ணும் அவளுடைய அம்மாவும். அவள் எனக்குப் பின்னால் இரண்டு முழத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

பாதி ஆறு தாண்டியதும் பார்த்துவிட்டேன். எண்ணெய் ஊற்றியதுபோலத் தண்ணீர் மழமழவென்று இருந்தது, நடுவில் கை வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம். கத்த வேண்டிய சொல் நாக்கு வரைக்கும் வந்தது. பின்னால் அவள். நான் புத்தகத்தில் இருக்கும் சொல்லைச் சொன்னேன். "அப்பா, முன்னால சுழி."

அப்பா சிரித்தார். "என்னிக்குத்தான் இல்ல?" என்றார். திருப்பவில்லை.

நான் இரண்டாம் முறை கத்தியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து, பரவாயில்லைபோல என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்தில் படகின் மூக்கு திரும்பிவிட்டது. இடதுபக்கம் இருந்தவர்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்தார்கள். அப்பா குதித்தார். ஒவ்வொருவராக இழுத்து வந்து, கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடிக்க வைத்தார். கடைசியாக அவளுடைய அம்மாவை ஏற்றிவிட்டார். அதன்பிறகு அவர் தலையை நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்கப்பா குடிப்பாரா?" "குடிப்பார்" என்றேன். அன்றைக்குக் குடித்திருந்தாரா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஓட்டியவரின் குடிபோதை என்று அறிக்கை வந்தது. மூன்று மாதமாக அப்பா ஒரு சொட்டு தொடவில்லை என்பது, அவரோடு ஒரே படகில் நின்ற எனக்குத் தெரியும்.

சுழிக்கும் கிணற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று உன் நீதிபதி கேட்டால் இதுதான்.

நீ இனி எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அண்ணன்

9 மே

அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உன் வாக்குமூலம் நேரத்துக்கு வந்தது. நீ என் அண்ணன் என்பதால் வேறொருவரை வைத்து மொழிபெயர்த்து, நீதிபதி தன் அறையிலேயே படித்தார். படகோட்டிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீதிபதி வெளியே வந்து அவரிடம், "உங்கள் ஆற்றில் ஆளை இழுக்கும் சுழலைப் பார்த்தால் என்னவென்று கத்துவீர்கள்?" என்று கேட்டார். "கிணறுன்னு" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பதுபோல. அரசு வக்கீலின் பேனா நின்றது. தெரிந்தே ஓட்டினார் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது தூர்வாரியவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் மூன்று மாதம் வேலை இல்லை என்ற உத்தரவும் வந்தன. வர வேண்டியதுதான்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. இருபது வயதில் வெட்கப்பட்டது எனக்குப் புரிகிறது, அண்ணா. நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் நம் பேச்சை மறைத்தவள்தான். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் நீ பேசாமல் இருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைக் குடிகாரன் மகள் என்று சொன்னார்கள். நான் சொன்னவர்களோடு சண்டை போடவில்லை. அப்பாவை வெறுத்தேன்.

விடுதலையான அன்று படகோட்டி வராந்தாவில் என்னிடம் வந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எந்தத் துறைம்மா?" என்று கேட்டார். சொன்னேன். அப்பாவையும் சொன்னேன். "ஓ, அந்தக் குடிச்சிட்டு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு தூரத்தில், அவருக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். பதில் என் வாய் வரைக்கும் வந்தது. அம்மாவுக்குத் தெரியாததை ஊராரிடம் முதலில் சொல்வதா என்று விழுங்கிவிட்டேன்.

அம்மாவிடம் சொல். சொன்னபிறகு எழுது.

தங்கை

2 ஜூன்

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். அண்ணிதான் வீட்டை நடத்துகிறாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, உனக்கு எழுதியதை எழுதிய மாதிரியே சொன்னேன். அம்மாவின் கை நிற்கவில்லை. கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தார். குப்பையைத் தாளில் சுருட்டினார். எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்கு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. அண்ணியோடு பேசினார், பால்காரரோடு பேசினார். நான் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மோட்டாரைத் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி தப்பாகச் சுற்றினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மாவே கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் கடைசியா என்ன சொன்னார்?"

"என்னிக்குத்தான் இல்லன்னு சொன்னாரும்மா."

"அதுக்கு முன்னாடி?"

"வேற ஒண்ணும் சொல்லல. சிரிச்சார்."

"நல்லா நினைவிருக்கா? சிரிச்சாரா?"

"சிரிச்சார்ம்மா. பல்லு தெரிய."

அம்மா கட்டில் விரிப்பை நீவிவிட்டார். "குடிய விட்ட மனுசன் அந்த மூணு மாசமும் முகத்தத் தூக்கி வச்சிட்டே இருந்தார். எனக்காகத்தான் விட்டார், அதனால எம்மேல கோவமோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "அவர் செத்த அன்னிக்கு எல்லாரும் அழுதாங்க. நான் அழல. ஏமாத்திட்டாரேன்னு அவர திட்டிட்டிருந்தேன், மனசுக்குள்ள. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த" என்றார்.

நான் காலைப் பிடித்தேன். அம்மா விலக்கிக்கொள்ளவில்லை, என்னைத் தொடவும் இல்லை.

"தாள எடு. அவளுக்கு எழுது" என்றார். ஒன்பது வயதில் அப்பாவைப் பறிகொடுத்த உனக்கு இதை அவரே சொல்ல வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

"உங்கப்பா குடிக்கல. மூணு மாசமா குடிக்கல. எனக்குச் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டுத்தான் போனார். அந்தப் படகோட்டிய மறுபடி பார்த்தா அவன்கிட்டயும் இத சொல்லு. சத்தமா சொல்லு."

"அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டேன். "உன்னப் பத்தி என்ன எழுதச் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியும்போது சொல்றேன். நீ அதுக்காகக் காத்துட்டிருக்காத, இத முதல்ல அனுப்பு. அவ பாவம், இத்தனை வருசமா பெத்தவர தப்பா நினைச்சிட்டிருக்கா" என்றார்.

பெரிய தபால் நிலையத்தில் ஞாயிறன்றும் நான்கு மணிக்குப் பெட்டியைத் திறப்பார்கள். முடிக்கிறேன்.

அண்ணன்